ஒரு பாதாம், பதினான்கு குரல்

முப்பது வருடமாக மாமியார்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறேன். வடக்கிலிருந்து வரும் தொலைக்காட்சித் தொடர்களில், உடம்பெல்லாம் நகையோடு மாடிப்படியில் நின்று மருமகளைச் சபிக்கும் அம்மாக்கள் தமிழில் பேசுவதெல்லாம் என் தொண்டை வழியாகத்தான். சொந்த வீட்டில் எனக்கு மருமகள் கிடையாது, மகனே கிடையாது. இருந்தாலும் எங்கள் தெருவில் பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்கள்.

லண்டன் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அரசாங்கத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். "ஒரு வீட்டில் படம் பார்க்கப் போகிறார்கள். அதில் வரும் சித்தி, இளவரசன், குதிரை எல்லோருக்கும் நான்தான் பேச வேண்டும்" என்றேன். அவர் என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குதிரைக்குமா?" என்றார். "குதிரை கனைப்பது மட்டும்தான்" என்றேன். முத்திரை விழுந்தது.

என்னை வரவழைத்தவள் மலர். யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக்குப் பயந்து அவள் குடும்பம் சென்னையில் வந்து தங்கியிருந்த நாட்களில் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது லண்டனின் தெற்கில் மிச்சம் என்ற இடத்தில் வீடு. கணவர் ரவி கடை வைத்திருக்கிறார். மகள் தாரணி வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்தத் தாரணிக்கும் ஏரிக் என்ற நார்வேக்காரப் பையனுக்கும் ஏப்ரலில் கல்யாணம்.

போனில் மலர் விளக்கியது இதுதான்: "எடியே, உவையளுக்குக் கிறிஸ்மஸ் எண்டா ஒரு படம். இருபத்தி நாலாந் திகதி காலமை பதினொரு மணிக்கு அதைப் பாத்தே தீருவினம். ஏரிக்கின்ர தாய் நோர்வேயில இருந்து வாறா. இந்த முறை எங்கட வீட்டிலதான் எண்டு தாரணி சொல்லிப்போட்டாள். எங்கட சனத்துக்கு விளங்காட்டி, கேள்வி கேட்டே அந்த மனுசியைச் சாகடிச்சுப்போடுவினம். நீ வந்து தமிழில பேசிவிடு."

மகளும் மருமகனும் சேர்ந்து எனக்கு டிக்கெட் அனுப்பினார்கள். இலவசமாக லண்டன் பார்க்கக் கிடைத்தால் குதிரைக்கு என்ன, குதிரை வண்டிக்கும் பேசத் தயாராக இருந்தேன்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடு. வந்து இறங்கியதும் இடியப்பம், சொதி, மீன் குழம்பு. ஒரு மணி நேரம் கழித்துத் தேநீரோடு பற்றீஸ் என்ற பொரித்த பலகாரம். நான் வேண்டாம் என்று சொன்னதை அந்த வீட்டில் யாரும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாலை நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. அதை வைத்து இரவுச் சாப்பாடு என்று ஐந்து மணிக்கு மறுபடி பிட்டு வைத்தாள். ரவி கடையிலிருந்து வந்து, "ஓம்" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மனிதர் பேசுவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். முப்பது வருடம் மலரோடு குடும்பம் நடத்தியவருக்கு மற்ற சொற்கள் தேவைப்பட்டிருக்காது.

அடுப்படியில் தனியாக இருக்கும்போது மலர் உண்மையான விஷயத்துக்கு வந்தாள்.

"எல்லாம் சரி. ஏப்ரலுக்கு மண்டபம் பிடிச்சாச்சு. கூறைக்கும் சொல்லியாச்சு. ஆனா இண்டு வரைக்கும் அவ வந்து பொம்பிளை கேக்கேல்லை."

"யாரு?"

"பெடியன்ர தாய். வேற ஆர்? தகப்பன் செத்து கனகாலம். அவ ஒருத்திதானே. வாய் திறந்து ஒரு வசனம், 'உங்கட பிள்ளையை எங்களுக்குத் தாங்கோ' எண்டு. அது காணும் எனக்கு. ஆரும் கேக்காமல் நானே கொண்டுபோய் விடுறதோ? என்ர பிள்ளை என்ன, தெருவில கிடந்து எடுத்ததோ?"

"ஏன்டி, நீயே சொல்லிப் பாரேன், எங்க பழக்கம் இதுன்னு?"

"தாரணி என்னைச் சத்தியம் பண்ண வச்சிட்டாள். இதைப் பற்றி ஒரு சொல்லு கதைச்சா, ரெஜிஸ்டர் ஒஃபிசில மட்டும் எழுதிப்போட்டுப் போயிடுவன் எண்டு வெருட்டுறாள்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன். கல்யாணப் பேச்சு தொடங்கிய ஐந்து மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கல்யாணம் நடக்காது என்ற பயம் அவளுக்கு இல்லை. கேட்காமலே நடந்துவிடும் என்பதுதான் பயம்.

இரண்டாம் நாள், ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த படத்தின் வசனத்தை வாங்க வால்தம்ஸ்டோவில் இருக்கும் ஏரிக் வீட்டுக்குப் போனேன். பையன் தங்கமானவன். என் ஆங்கிலத்தைத் திருத்தாமல் கேட்டான். படம் நார்வேக்காரர்கள் எடுத்ததுகூட இல்லை. ஐரோப்பாவின் நடுவில் ஏதோ ஒரு பனிநாட்டில் அந்தக் காலத்தில் எடுத்த ராஜா ராணிக் கதை. அதைத் தத்தெடுத்து, வருடா வருடம் அதே நாள் அதே நேரம் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு நாம் போன மாதம் வந்த படத்தையே பழசு என்போம். இவர்களோ பாட்டி காலத்துப் படத்தைப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

கதை சுருக்கமானது. மாவு அரைக்கும் ஆலையில் அம்மா இல்லாத ஒரு பெண். அவளை வேலை வாங்கும் சித்தி. சித்திக்குச் சொந்தமாக ஒரு மகள். வேட்டைக்கு வந்த இளவரசனின் குதிரை உறைந்த ஆற்றில் மாட்டிக்கொள்ள, பெண் குதிரையைக் காப்பாற்றிவிட்டு இளவரசனைத் திட்டுகிறாள். அவன் திட்டு வாங்கிய சந்தோஷத்தில் படம் முழுக்க அவளைத் தேடுகிறான். ராஜகுமாரர்களை வாழ்க்கையில் யாரும் அதுவரை திட்டியிருக்க மாட்டார்கள் போல.

பிறகு ஏரிக் சொன்ன ஒரு செய்தியில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவர்கள் ஊர்த் தொலைக்காட்சியில் இந்தப் படத்தில் வரும் ஆண், பெண், கிழவன், கிழவி எல்லோருக்கும் ஒரே ஒரு ஆள்தான் பேசியிருக்கிறாராம். அந்த ஆலைப் பெண் காதலைச் சொல்வதும் அதே ஆண் குரல். சென்னையில் ஒரு தொடரில் கழுதை வந்தால் கழுதைக்குத் தனி ஆள் கூப்பிடுவோம். ஒருத்தரே மொத்தத்தையும் பேசிவிட்டுப் போனால் டப்பிங் சங்கத்தில் விசாரணை வைத்துவிடுவார்கள். "உங்களுக்குச் சிரிப்பு வராதா?" என்று கேட்டேன். "வேறு மாதிரி பேசினால்தான் சிரிப்பு வரும்" என்றான்.

அவன் அம்மா பெரித் அங்கே இருந்தார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைத் தலைமுடி, கையில் பின்னல் ஊசி. பயணம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். நல்லது என்றார். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் இருமிப் பார்த்தேன், திரைச்சீலையைப் புகழ்ந்து பார்த்தேன். அவர் அன்பாகப் புன்னகைத்துக்கொண்டு ஒரு காலுறையை முடித்தார். வாய் ஓயாமல் பேசுவதே பிழைப்பான எனக்கு மூச்சு முட்டியது. மலர் எதிர்பார்க்கும் அந்த ஒரு வசனம் இந்த வாயிலிருந்து வருவது கஷ்டம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

திரும்பும்போது ஒரு பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். பாதி வழியில் ஒரு பெண் குரல், மிக மரியாதையாக, இந்தப் பஸ் போகும் இடம் மாறிவிட்டது என்று அறிவித்தது. எல்லோரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வரிசையாக இறங்கி மழையில் நின்றார்கள். எங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் கண்டக்டர் சட்டையில் பொத்தான் மிஞ்சியிருக்காது. நான் தமிழில் புலம்புவதைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர், "நீங்க சென்னையா?" என்றார். மதுரைக்காரர், கணினி வேலை. "நானும் முதல்ல கோவப்பட்டேங்க. இப்ப பழகிடுச்சு. இன்னிக்கு பரவால்ல, இன்னும் மூணு நாள்ல கிறிஸ்துமஸ், அன்னிக்கு பஸ், ரயில் எதுவுமே ஓடாது" என்றார். பண்டிகை என்றால் சிறப்புப் பேருந்து விடும் நாட்டிலிருந்து வந்த எனக்கு, பண்டிகை என்றால் பேருந்தையே நிறுத்தும் நாடு புரியவில்லை.

மூன்றாம் நாள், தோர்ண்டன் ஹீத்துக்குச் சாமான் வாங்கப் போனோம். அங்கே தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் நம் ஊரைவிட நேராக இருந்தது. கறிவேப்பிலைக் கட்டுக்கு முன்னால் மலருக்குத் தெரிந்த ஒரு அம்மா பிடித்துக்கொண்டார்.

"என்ன மலர், கலியாணமாமே! பெடியன் வீட்டுக்காரர் வந்து கேட்டவையோ?"

"ஓம் ஓம், தாய் வந்து நிக்கிறா."

"அது தெரியும். வந்து கேட்டவவோ எண்டு கேக்கிறன்."

மலர் கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்து, இது வாடல் என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கறிவேப்பிலை அப்போதுதான் பறித்ததுபோல இருந்தது.

படத்தோடு ஒரு சாப்பாடும் உண்டு. பாலில் குழைய வேகவைத்த அரிசி, மேலே லவங்கப்பட்டைத் தூளும் வெண்ணெயும். நம் பால்சோறுதான், வெள்ளைக்காரப் பெயரில். தாரணி ஒரு சீட்டில் செய்முறை எழுதிக் கொடுத்திருந்தாள். கடைசி வரியில், 'பாதாம் ஒன்று. ஒன்றே ஒன்று. அது அவர்கள் வழக்கம், கேள்வி கேட்காதே' என்று இருந்தது.

மலர் அந்தச் சீட்டை மூன்று முறை படித்தாள்.

"பதினாலு பேருக்குக் காய்ச்சிற பால்சோத்துக்கு ஒரு பாதாம் பருப்போ?"

"வழக்கம்னு எழுதியிருக்காளே."

"பஞ்ச காலத்து வழக்கமா இருக்கும். பாவம், இல்லாத நேரத்தில செய்தது. அதுக்காக என்ர வீட்டில வந்து நிக்கிற சம்பந்திக்கு ஒரு பருப்பைப் போட்டுக் குடுக்கிறதோ? சனம் காறித் துப்பாது?"

ஒரு பெரிய பை பாதாம் வாங்கினாள். யோசித்துவிட்டு இன்னொரு பையும் எடுத்தாள். முந்திரியும் ஏலக்காயும் கூடவே வந்தன. நான் தடுக்கவில்லை. அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இருபத்தி நாலாம் தேதி பத்தரை மணிக்கே வீடு நிறைந்துவிட்டது. மலரின் தம்பிமார் இருவர், ரவியின் அக்கா, மச்சாள், அவர்கள் பிள்ளைகள், எங்களோடு பெரித்தும் ஏரிக்கும் சேர்த்துப் பதினான்கு பேர். பெரித்துக்கு நடு நாற்காலி. பட்டுச்சேலை கட்டிய மலர் உட்காரவே இல்லை. நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் என் தாள்களோடு தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாகப் பதினொரு மணிக்குப் படம் ஆரம்பித்தது.

நன்றாகத்தான் பேசினேன். ஆனால் என் தொழில் எனக்கே எதிரியாகிவிட்டது. முப்பது வருடமாகக் கொடுமைக்காரிகளை நியாயப்படுத்திப் பேசிப் பழகிய குரல், சித்தி வந்ததும் தானாகக் கனிந்துவிட்டது. பத்தாவது நிமிடத்தில் வீடே சித்தி பக்கம் சாய்ந்தது.

"அவ சொல்லுறதில என்ன பிழை? சொந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் பாக்கிறா" என்றார் ரவியின் அக்கா.

"உந்த இளவரசனுக்கு என்ன வேலை?" என்றார் மூத்த தம்பி.

"இளவரசன்தான் அண்ணை வேலை" என்றார் இளையவர்.

"அது ஒரு வேலையோ? வேலையில்லாமல் அரசாங்கக் காசு பெனிபிட் எடுக்கிறவன் மாதிரிக் கிடக்கு. குதிரையில சுத்துறதைத் தவிர ஒண்டும் செய்யிறானில்லை."

பெரித் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வசனத்தையும் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு சின்னப் பெண் தெரிந்தாள். எனக்கு முதல் முறையாக அவரைப் பிடித்தது.

பதினொன்றே முக்காலுக்கு இளவரசன் பனியில் வழி தவறி நிற்கும்போது படம் நின்றது. ரிமோட் மலர் கையில் இருந்தது.

"இடைவேளை. எல்லாரும் சாப்பிடுங்கோ" என்றாள்.

பெரித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருடத்தில் இந்தப் படத்தை யாரும் நிறுத்தியதில்லை" என்று ஏரிக்கிடம் ஆங்கிலத்திலேயே மெதுவாகச் சொன்னார். அவர் கையில் அதற்குள் இரண்டு மீன் ரோல்ஸ் வைக்கப்பட்டிருந்தன. தாரணி தலையில் கைவைத்தாள். நடுவில் சாப்பிடாமல் ஒன்றரை மணி நேரப் படத்தைக்கூடத் தாங்கும் ஜாதி நாங்கள் இல்லை என்று அந்த அம்மாவுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ரோல்ஸுக்குப் பிறகு பால்சோறு வந்தது. ரவி இரண்டாவது கரண்டியில் எதையோ கடித்துத் தட்டில் எடுத்துப் போட்டார். முழுப் பாதாம்.

ஏரிக் துள்ளி எழுந்தான். "மாமாவுக்குத்தான்! மாமாவுக்குத்தான்!"

"ஓம்" என்றார் ரவி, எதற்கென்று தெரியாமல்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பாதாமை ஒளித்து வைப்பது விளையாட்டாம். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. பெரித் குடும்பத்தில் அதற்கு மேல் ஒரு சட்டம்: தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாதாம் கிடைத்தவர்தான் மீதிப் படத்துக்கு எல்லோருடைய குரலும் பேச வேண்டும்.

"எனக்கும் கிடக்கு" என்றார் அக்கா.

"எனக்கு மூண்டு" என்றார் தம்பி.

பிள்ளைகள் பாதாமை எண்ண ஆரம்பித்தார்கள். பெரித் தன் கிண்ணத்தைக் கரண்டியால் கிளறினார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. சம்பந்தி என்பதால் அவர் கிண்ணத்தில் மலர் தாராளமாகப் போட்டிருந்தாள். தாரணியின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா! ஒண்டெண்டுதானே எழுதினனான்!"

பெரித் மலரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த உயரமான உடம்பு குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தது. "அப்படியானால் எல்லோரும் பேசவேண்டியதுதான். சட்டம் சட்டம்தான்" என்றார்.

இப்படியாக, கடல் தாண்டி வரவழைக்கப்பட்ட தொழில்முறைக் கலைஞர் ஒருத்தி, இரண்டு பை பாதாமால் வேலையிழந்தாள். சங்கத்தில் சொன்னால்கூட நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் பாதியை நான் என்னவென்று சொல்ல? இளைய தம்பி இளவரசனாகி, "நான் ஷிப்ட் முடிச்சு நேர வாறன், நீ வீட்ட நில்" என்றார். ரவியின் அக்கா சித்தியாகி, என்னையே வெட்கப்பட வைக்கும் அளவுக்கு அழுதார். ராஜா வாயைத் திறந்தபோதெல்லாம் ரவி "ஓம்" என்றார். ராஜாக்களுக்கு அது போதுமானதாகவே இருந்தது. குதிரைக்குக் கனைத்தவர் பெரித். அவ்வளவு உண்மையான கனைப்பை நான் டப்பிங் கூடத்தில் கேட்டதில்லை.

கடைசிக் காட்சி வந்தது. இளவரசன் ஆலைக்கு வந்துவிட்டான். பனியில் அரண்மனை வண்டி நிற்கிறது. அதிலிருந்து இளவரசனின் அம்மாவான ராணி இறங்குகிறாள். பெண்ணைப் பார்த்து உதட்டை அசைத்து ஏதோ சொல்கிறாள். ஆனால் அந்த இடத்தில் வசனம் கிடையாது. நார்வேயில் குரல் கொடுத்த ஆளும் பேசவில்லை, என் தாளிலும் எதுவும் இல்லை. இசை மட்டும்தான்.

அறையின் கடைசியில், கையில் கரண்டியோடு நின்ற மலர் பேசினாள்.

"நாங்கள் முறையா வந்திருக்கிறம். என்ர மகனுக்கு உங்கட பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறம். நீங்கள் கஷ்டப்பட்டு வளத்த பிள்ளை. நாடு விட்டு நாடு வந்து, ரெண்டு வேலை செய்து வளத்த பிள்ளை. கேக்காமல் கூட்டிக்கொண்டு போனா எங்களுக்கு மரியாதையில்லை. தாங்கோ எண்டு கேக்கிறம்."

'வளத்த' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. மைக் முன்னால் அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே தினமும் அழுகிறேன். இது அந்த அழுகை இல்லை. திரையில் பெண்ணும் இளவரசனும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை.

"அவர் என்ன சொன்னார்?" என்று பெரித் கேட்டார்.

ஏரிக் தாரணியைப் பார்த்தான். தாரணி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரித் என் பக்கம் திரும்பினார். வாயசைவுக்கு ஏற்றாற்போல வசனத்தை மாற்றிச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஏதாவது சமாளித்திருக்கலாம். ஆனால் மலர் நின்ற நிலையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பெரித் மலரிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் ஊரில் ஒரு பெண்ணை அவள் அம்மாவிடம் போய்க் கேட்டால், நான் என்ன உங்கள் வீட்டுச் சாமானா என்று பெண்ணே கோபப்படுவாள். கேட்பது அவமரியாதை என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஐந்து மாதமாகப் பலகார டப்பா அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். நான் அதற்கெல்லாம் காலுறை பின்னி அனுப்பினேன்."

"ஓம், பதினொரு சோடி" என்றாள் மலர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பெரித் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து, மேல்சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். தாரணியைப் பார்த்து, "கேட்கட்டுமா?" என்றார். தாரணி முகத்திலிருந்து கையை எடுத்து, தலையை ஆட்டினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். பெரித் நடந்து வந்து மலருக்கும் ரவிக்கும் முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக, பிழையில்லாமல் ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளையைப்போலக் கேட்டார்: "உங்கள் மகள் தாரணியை எங்கள் வீட்டுக்குத் தருவீர்களா?"

தம்பிமார் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். ரவி வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போகும் அந்த ஒரே சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மலர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கரண்டியை என்னிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, கொசுவத்தைச் சரிசெய்து, காலையிலிருந்து முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"கேட்டது சந்தோசம் எண்டு சொல்லு. வீட்டில எல்லாரோடயும் கதைச்சுப்போட்டு, ஒரு கிழமைக்குள்ள முடிவு சொல்லுறம்."